இரைச்சலைத் துடைக்காதீர்கள்

நான் ஒலிப்பதிவாளன். கோடம்பாக்கத்தில் ஒரு சின்ன ஸ்டுடியோவில் விளம்பரங்களுக்கும் குறும்படங்களுக்கும் ஒலி சேர்ப்பது என் பிழைப்பு. மின்விசிறிச் சத்தம், ஏசியின் ஹம், சட்டையில் உரசும் காலர் மைக், தெருவில் போகும் ஆட்டோ, இவற்றையெல்லாம் களைந்துவிட்டுக் குரலை மட்டும் சுத்தமாக எடுத்துக் கொடுப்பதற்குத்தான் எனக்குக் கூலி. அப்படிப்பட்டவன் இரைச்சலுக்கு வக்காலத்து வாங்குகிறான் என்றால் அதற்குக் காரணம், ஜிம்பாப்வேயில் ஷோனா மக்கள் வாசிக்கும் ம்பிரா.

ம்பிராவைப் பார்க்காதவர்கள்கூட கலிம்பாவைப் பார்த்திருப்பீர்கள். ஆன்லைன் கடைகளில் ஆயிரம், ஆயிரத்தைந்நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. இரண்டு கைக்குள் அடங்கும் மரப்பெட்டி. மேலே 17 உலோகப் பட்டைகள், ஒவ்வொன்றிலும் சுரத்தின் எண் பொறித்திருக்கும். கட்டைவிரல் பட்டால் போதும், இனிமையாக ஒலிக்கும். இசையே தெரியாதவர்களும் வாசிக்கலாம், மன அழுத்தம் குறையும் என்று அட்டையில் போட்டிருப்பார்கள்.

அதையும் வாங்க வேண்டியதில்லை. மின்னணு இசைக்கருவிகளுக்காக 1991இல் வெளியான ‘ஜெனரல் மிடி’ ஒலிப் பட்டியலில் 109ஆம் ஒலி கலிம்பாதான். 105 முதல் 112 வரை ‘எத்னிக்’ என்று ஒரு தனிப் பெட்டி, நம் சித்தாரும் ஷெனாயும்கூட அதற்குள்தான். மலிவான கீபோர்டுகள் பலவற்றிலும் அந்த ஒலி உண்டு. குழந்தை சோப்பு, காப்பீடு, அடுக்குமாடி வீடு, எந்த விளம்பரம் என்றாலும் கடைசியில் ஒரு குரல் வரும்: “சார், அந்தக் கலிம்பாவ லேசாப் போட்டு விடுங்க, ஃபீல் குட்டா இருக்கும்.” போட்டு விடுகிறேன். ஃபீல் குட்டாகத்தான் இருக்கிறது.

உறுத்துவதும் அதுதான். இந்தக் குடும்பத்தின் மூத்த வாத்தியமான ம்பிரா இப்படி ஒலிப்பதே இல்லை.

ஷோனா மக்களிடம் ம்பிராவில் பல வகை உண்டு. மூதாதையரை அழைக்கும் சடங்கில் முதன்மையாக ஒலிப்பது ‘ம்பிரா ட்ஸவட்ஸிமு’. கனத்த மரப்பலகை ஒன்றில் 22 முதல் 28 வரை இரும்புப் பட்டைகள் இறுக்கிப் பிடிக்கப்பட்டிருக்கும். பலகை பெரும்பாலும் முப்வமரோப்பா மரத்தில் ஆனது. வெட்டினால் ரத்த நிறத்தில் பால் வடியும் இந்த மரம், நம் வேங்கைக்கும் செஞ்சந்தனத்துக்கும் ஒரே பேரினத்து உறவு. பட்டைகளை ஒரு காலத்தில் உள்ளூரில் உருக்கிய இரும்பிலிருந்து அடித்தார்கள். இப்போது சைக்கிள் ஸ்போக், சோபா ஸ்பிரிங், கார் ஸ்பிரிங் என்று கிடைத்த எஃகையெல்லாம் சுத்தியலால் தட்டையாக்கிக்கொள்கிறார்கள். இரண்டு கட்டைவிரல்களும் மேலிருந்து கீழே அழுத்தும். வலது ஆள்காட்டி விரல் அடியிலிருந்து மேலே நெம்பும். பலகையின் மூலையில் உள்ள துளையில் வலது சுண்டுவிரல் நுழைந்து வாத்தியத்தைத் தாங்கிக்கொள்ளும். இப்படியே பலகையைத் ‘தேஸே’ என்ற பெரிய சுரைக்குடுக்கைக்குள் நுழைத்து ஒரு குச்சியால் நெருக்கி நிறுத்திவிடுவார்கள். சுரைக்குடுக்கை உடைகிறது என்பதால் கண்ணாடியிழைக் குடுக்கைகளும் இன்று புழக்கத்துக்கு வந்துவிட்டன.

பலகையின் கீழ்ப்பகுதியிலும் குடுக்கையின் விளிம்பிலும் சோடா மூடிகளைத் தளர்வாகக் கோத்திருப்பார்கள். முன்பு அந்த இடத்தில் நத்தை ஓடுகள் இருந்தன. ஒரு பட்டையைத் தட்டினால் இத்தனை மூடிகளும் சேர்ந்து ஜிர்ரென்று அதிரும். என் தொழிலில் இதற்கு ஒரே பெயர், ‘நாய்ஸ்’. அதை நீக்க மென்பொருளில் ஒரு பொத்தான் இருக்கிறது. ஆனால் ம்பிரா செய்கிறவர் அந்த அதிர்வை அளந்து வைக்கிறார். எத்தனை மூடி, எவ்வளவு தளர்வு என்று பார்த்துப் பார்த்துக் கோக்கிறார். தம்பூராவில் ஜீவாளி நூலை நகர்த்தி நகர்த்தி ரீங்காரத்தைத் தேடுவார்களே, அதே அக்கறை. இந்த அதிர்வு இல்லாவிட்டால் வாசிப்பு மூதாதையர் காதில் ஏறாது என்பது நம்பிக்கை. நம்பாதவர்களும் ஒன்றைக் கேட்கலாம்: மூடிகள் இருந்தால்தான் ஒவ்வொரு தட்டும் முடியும் இடம் மங்கி, அடுத்த தட்டோடு கலக்கிறது.

அந்தக் கலப்பில்தான் இந்த இசையே நிற்கிறது. பெரும்பாலான பாடல்கள் 12 தட்டுகள் கொண்ட நான்கு பகுதிகளாக, 48 தட்டில் ஒரு சுற்று முடிக்கும். முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து. ஒருவர் ‘குஷவுரா’ வாசிப்பார், அது முன்னே நடத்திச் செல்லும் பகுதி. இன்னொருவர் வாசிக்கும் ‘குட்சின்ஹிரா’ அதன் இடைவெளிகளில் தன் சுரங்களைக் கோத்துக்கொண்டே போகும். ‘ஹோஷோ’ என்ற கிலுகிலுப்பை, சுரைக்காய்க்குள் கல்வாழை விதை போட்டது, காலத்தைப் பிடித்து வைக்கும். கொஞ்ச நேரம் போனதும் மூன்றாவதாக ஒரு மெட்டு கேட்கத் தொடங்கும். அதை யாரும் வாசிக்கவில்லை. இரண்டு பேரின் சுரங்கள் கலந்து நம் காதுக்குள்தான் அது உருவாகிறது. இருவரையும் தனித்தனி டிராக்கில் பதிவு செய்து ஒன்றை ம்யூட் செய்தால் அந்த மெட்டும் காணாமல் போய்விடும். பக்கத்தில் இருப்பவருக்கு அதே நேரத்தில் வேறொரு மெட்டு கேட்டிருக்கலாம். நேமாமுசாசா, நியாமரோப்பா போன்ற பழம்பாடல்களை ஆயுள் முழுக்க வாசித்தவர்களும் இன்னும் அதில் புதிது வருகிறது என்கிறார்களே, அதன் ரகசியம் இதுதான்.

இந்த இசைக்கு உரிய இடம் மேடை அல்ல. ‘பீரா’ என்ற சடங்கு, ஒரு குடும்பத்தின் வீட்டில், பொழுது சாய்ந்ததிலிருந்து விடியும் வரை நடப்பது. கேழ்வரகில் காய்ச்சிய கள் பல நாள் முன்னதாகவே தயாராகும். மூக்குப்பொடி படைப்பார்கள். ‘ஸ்விகிரோ’ என்னும் அருளாளர் மேல் முன்னோர் இறங்க வேண்டும். எந்த முன்னோருக்கு எந்தப் பாட்டுப் பிடிக்கும் என்று தேடிப் பிடித்து வாசிப்பது கலைஞரின் பொறுப்பு. வந்திறங்கியவரிடம் நோய், மழை, பங்காளிச் சண்டை எல்லாவற்றுக்கும் வழி கேட்பார்கள். அங்கே ரசிகர் என்று தனியாக யாருமில்லை. கைதட்டுகிறவர், ஆடுகிறவர், அடிக்குரலில் முனகுகிறவர், உச்சக்குரலில் கூவுகிறவர், நினைத்த வரிகளைக் கட்டிச் சொல்கிறவர், எல்லாரும் சேர்ந்துதான் இசை.

ம்பிரா பழமையானது. ஜோவாவ் தோஸ் சாந்தோஸ் என்ற போர்ச்சுகீசியப் பாதிரியார் 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் அந்தப் பகுதியின் அரசவையில், ஒன்பது இரும்புப் பட்டைகள் கொண்ட ‘அம்பிரா’வைப் பார்த்ததைத் தன் நூலில் எழுதியிருக்கிறார். நூல் அச்சானது 1609இல். ஆனால் பின்னால் வந்த வெள்ளைக்காரர்களுக்கு இதைக் கேட்கும் பொறுமை இருக்கவில்லை. 1890இல் குடியேறிகள் வண்டி கட்டிக்கொண்டு வந்தார்கள். 1896இல் ஷோனா மக்கள் கிளர்ந்தெழுந்தபோது முன்னின்றவர்களில் அருளாளர்களும் இருந்தார்கள். நெஹாண்டா என்ற ஆவியின் அருளாளரான சார்வே என்ற பெண்ணை 1898இல் தூக்கிலிட்டார்கள். அருளாளரை அழைக்கும் வாத்தியம் ஆட்சிக்கு எப்படிப் பிடிக்கும்? மிஷன் பள்ளிகளில் ம்பிரா பேய் வாத்தியமானது. அதைத் தொட்ட பிள்ளைகள் பாவிகளானார்கள். இந்தத் துடைப்பில் வெறுப்பு வெளிப்படையாக இருந்தது. அதனால் எதிர்க்கவும் முடிந்தது. வண்டியில் வந்தவர்களைப் பற்றிய ‘செமுதெங்குரே’ என்ற பாட்டும் ம்பிராவிலேயே ஏறியது. இன்று புதிதாகப் படிக்க வருபவருக்குச் சொல்லித்தரும் ஆரம்பப் பாடங்களில் அதுவும் ஒன்று.

அன்போடு நடந்த துடைப்புதான் சிக்கலானது. ஹியூ டிரேசி என்ற ஆங்கிலேயர் 1920களின் தொடக்கத்தில் அண்ணனின் புகையிலைப் பண்ணையில் வேலை செய்ய வந்தார். வயலில் கூடவே உழைத்தவர்களின் பாட்டில் மயங்கி, வாழ்நாள் முழுக்க ஆப்பிரிக்கா எங்கும் அலைந்து ஒலிப்பதிவு செய்தார். அவர் 1954இல் தொடங்கிய சர்வதேச ஆப்பிரிக்க இசை நூலகம் இல்லாவிட்டால் எத்தனையோ பாடல்கள் நமக்குக் கிடைத்திருக்காது. ஒலிப்பதிவுத் தொழிலில் இருப்பவன் என்ற முறையில் அவருக்கு நான் கடமைப்பட்டவன். அதே டிரேசிதான் கலிம்பாவைத் தொழிற்சாலையில் செய்து வெளிநாடுகளுக்கு விற்றவரும். மேற்கத்திய சுரவரிசைக்குச் சுருதி மாற்றினார். ஷோனா மரபில் அப்படி ஒரே பொதுச் சுருதி கிடையாது. செய்கிறவருக்குச் செய்கிறவர், குடும்பத்துக்குக் குடும்பம் சுருதி மாறும். பழகிய காது அதை வைத்தே இது இன்னார் வீட்டு ம்பிரா என்று கண்டுபிடித்துவிடும். அந்த வேறுபாடு போனது. சோடா மூடிகளும் போயின. இன்று எங்கெங்கோ தயாராகி வருகிற கலிம்பாவில், அது எந்த ஊர்ச் சரக்கு என்ற வரிகூட அட்டையில் இல்லை.

மூன்றாவது ஒன்று உண்டு, அது மாலை மரியாதையோடு நடப்பது. 2020 டிசம்பரில் ம்பிராவைச் செய்யும், வாசிக்கும் கலையை மலாவி, ஜிம்பாப்வே இரண்டு நாடுகளின் பெயரில் யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. நல்லது. அதே ஆண்டு ஜூலையில் காஸ்மஸ் மகாயா கோவிட் தொற்றால் இறந்துபோனார். மொந்தோரோ பகுதிக்காரர், வைத்தியர் மகன், 1970களிலிருந்து அமெரிக்க ஆய்வாளர் பால் பெர்லினருக்குத் தன் இசையைத் திறந்துகாட்டிய மாபெரும் கலைஞர். ஒரு கலையைப் பட்டியலில் சேர்க்க ஒரு கூட்டம் போதும். ஒரு மகாயா உருவாக ஒரு குடும்பம், ஒரு ஊர், நூற்றுக்கணக்கான இரவுகள் வேண்டும். பட்டியலில் இடம் கிடைத்த கலைக்கு விழா எடுப்பார்கள், பத்து நிமிட மேடை தருவார்கள், விமான நிலையத்தில் படம் மாட்டுவார்கள். ஒரு இரவு முழுக்க நீள வேண்டிய இசையைப் பத்து நிமிடமாகச் சுருக்குவதும் துடைப்புதான்.

அப்படியென்றால் ம்பிரா மாறவே கூடாதா? அதைக் கண்ணாடிப் பெட்டியில் பூட்டி வைக்க வேண்டுமா? இல்லை. என் கட்சி அதற்கு நேர் எதிர். இந்த இசையைக் காப்பாற்றியவர்களில் பலர் மரபை மீறியவர்கள்தான்.

ஸ்டெல்லா சிவேஷேயைச் சொல்கிறேன். 1946இல் பிறந்தவர். 1960களில் ம்பிரா கற்க ஆசைப்பட்டபோது பெண்ணுக்கு எதற்கு என்று பலர் கையை விரித்தார்கள். உறவினர் ஒருவர்தான் கடைசியில் சொல்லித் தந்தார். 1974இல் ‘கசாஹ்வா’ என்ற தன் முதல் பாட்டைப் பதிவு செய்தபோது அவர் வாசித்தது இரவல் ம்பிராவில். அது பெரிய வெற்றி. பிறகு ம்பிராவோடு மரிம்பா என்ற மரக்கட்டை வாத்தியத்தைச் சேர்த்து ஒரு குழு அமைத்தார், ஐரோப்பிய மேடைகளுக்குக் கொண்டுபோனார். சடங்கின் பாட்டை விலைக்கு விற்கலாமா என்று ஊரில் முணுமுணுப்பு எழுந்தது. ‘ம்பிராவின் ராணி’ என்ற பட்டமும் சேர்ந்தே வந்தது. 2023 ஜனவரியில் தலைநகர் ஹராரேயில் காலமானார்.

தாமஸ் மப்ஃபுமோ இன்னொருவர். 1970களில் மங்குரா என்ற ஊரின் செப்புச் சுரங்கத்தில் தொழிலாளர்களுக்கு வாசித்த இசைக்குழுவில் பாடிக்கொண்டிருந்தவர். அவரோடிருந்த கிட்டார் கலைஞர்கள் ம்பிராவின் சுரங்களை மின்கிட்டாருக்கு மாற்றினார்கள். உள்ளங்கையால் தந்தியை அமுக்கி, இரும்புப் பட்டையின் குறுகிய ஒலியை வரவழைத்தார்கள். விடுதலைப் போரின் பெயரையே தாங்கி அது ‘சிமுரெங்கா’ இசை ஆனது. ஜிம்பாப்வேக்கு அன்று ரொடீசியா என்று பெயர். 1979இல் அந்த அரசு அவரை விசாரணையின்றிச் சிறையில் வைத்தது. 1980இல் நாட்டுக்கு விடுதலை வந்தது. 1989இல் ‘கரப்ஷன்’ என்று பாட்டுப் போட்டு அதே மப்ஃபுமோ சொந்த அரசையும் கேள்வி கேட்டார். பிறகு அமெரிக்காவுக்குக் குடிபெயர வேண்டிவந்தது. அதிபர் முகாபே வீழ்ந்த பிறகுதான், 2018 ஏப்ரலில், ஹராரே மேடையில் மறுபடி பாடினார். 

துமிசானி மராயிரே 1968இல் சியாட்டிலுக்குப் போய் ‘நியுங்கா நியுங்கா’ என்ற 15 பட்டை ம்பிராவை எண் குறியீட்டில் எழுதிச் சொல்லிக்கொடுத்தார். காதால் மட்டுமே கைமாறிய கலை காகிதத்தில் ஏறியது. அவர் மகள் சிவோனிசோ ம்பிராவோடு ஆங்கிலத்திலும் பாடினார், 37 வயதில் போய்ச் சேர்ந்தார்.

பெண் வாசித்தது, மின்சாரம் சேர்ந்தது, எழுத்தில் ஏறியது, எல்லாமே மாற்றம்தான். ஆனால் இவர்கள் யாரும் ம்பிராவிடமிருந்து அதன் வேலையைப் பறிக்கவில்லை. அழைக்க வேண்டியவரை அது தொடர்ந்து அழைத்தது. கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்டது. மாற்றியவர்கள் அதற்கு விலையும் கொடுத்தார்கள்: ஒருவருக்கு ஊர்ப்பேச்சு, ஒருவருக்குச் சிறை, ஒருவருக்குப் பரதேசம். மிஷனரியும் சந்தையும் விழாக் குழுவும் எடுத்தது வேறு. வாத்தியத்தை வைத்துக்கொண்டு அதன் வாயை மூடினார்கள். இதில் அவர்களுக்கு ஒரு செலவும் இல்லை.

என்னை மறுக்க இரண்டு நியாயங்கள் உண்டு. முதலாவது: ஷோனா மக்களிலேயே ஏராளமானோர் இன்று தேவாலயத்துக்குப் போகிறவர்கள், அவர்களில் பலர் ம்பிராவை வீட்டுக்குள் விடுவதில்லை. அவர்களுக்காக நீ ஏன் பேசுகிறாய்? சரிதான். வேண்டாம் என்று விலக அவர்களுக்கு முழு உரிமை உண்டு. இன்னொரு பக்கம், 1960களுக்குப் பிறகு கத்தோலிக்கத் திருப்பலியிலேயே மேளமும் ஹோஷோவும் நுழைந்தன. விலகுவதும் சேர்ப்பதும் அந்த வீட்டுக்காரர்கள் தங்களுக்குள் நடத்தும் வழக்கு. அதில் நான் சாட்சிகூட இல்லை. நான் பேசுவது, வழக்கே தெரியாமல் ஒலியை மட்டும் எடுத்துக்கொள்ளும் என்னைப் போன்றவர்களைப் பற்றி.

இரண்டாவது: ஆயிரம் ரூபாய்க் கலிம்பாவில் ஒரு பள்ளிப் பிள்ளை மகிழ்ச்சியாக ஒரு சினிமாப் பாட்டை வாசித்தால் யாருக்கு என்ன நஷ்டம்? ஒரு நஷ்டமும் இல்லை. வாசிக்கட்டும். வாங்கிக் கொடுக்கும் பெற்றோர், இது ஆப்பிரிக்காவில் பிறந்தது, இதன் மூத்த உறவு ஜிம்பாப்வேயில் இப்போதும் வாசிக்கப்படுகிறது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். பொறுப்பு பிள்ளையுடையது அல்ல. ‘ஃபீல் குட்’ கேட்கிற இயக்குநருடையது, போட்டுக்கொடுக்கிற என்னுடையது, ‘பழங்குடி தியான இசை’ என்று பெயர் வைத்து இணையத்தில் ஏற்றுகிறவருடையது. ம்பிராவுக்குப் பிறந்த ஊர் உண்டு, வாசித்தவருக்குப் பெயர் உண்டு. படத்தின் கடைசியில் தேநீர் கொடுத்தவர் பெயரை மறக்காமல் போடுகிற நாம், இதைப் போட முடியாதா?

என் சக ஒலிப்பதிவாளர்களிடம் கேட்பது இது. ம்பிரா ஒலி வேண்டுமென்றால் 109ஆம் எண்ணை அழுத்தாதீர்கள். ஹராரேயிலும் மொந்தோரோவிலும் வாசிக்கிற கலைஞர்கள் இருக்கிறார்கள், இணையம் இருக்கிறது, பணம் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். பதிவு வந்து சேர்ந்ததும் ‘டி-நாய்ஸ்’ போடாதீர்கள். வாசகர்களுக்கும் ஒன்று: சிவேஷேயின் ஆரம்பப் பாடல்கள் ‘கசாஹ்வா’ என்ற பெயரில் தொகுப்பாகக் கிடைக்கின்றன. பெர்லினர் 1970களில் ஊர்களில் பதிவு செய்தவையும் கிடைக்கின்றன. ஒரு பாட்டை முழுசாகக் கேளுங்கள். முதல் இரண்டு நிமிடம் சோடா மூடிச் சத்தம்தான் காதில் விழும். நிறுத்திவிடாதீர்கள், இசை அதற்குள்ளேதான் இருக்கிறது.